மனுவின் பொருள்

பூஜ்ஜியம் ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து
"எங்க எறங்குற?" என்றார் கண்டக்டர்.
இந்த வாரம் என்னிடம் காசு கேட்காத
ஒரே ஆள்.

சத்துவாச்சாரி. கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை.

எட்டாயிரத்து நூற்று நாற்பது.
இரண்டு மாச வாடகை ஏழாயிரம், மீதி கரண்டு.
கொசப்பேட்டை வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை
ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச்
சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்,
பேனா போல.

ஷூ கம்பெனி கேட்டைச் சாத்தி நாற்பத்தெட்டு நாள்.
சரியாக ஒரு மண்டலம்.
விரதமும் அப்படித்தான் போகிறது.

குழுவில் கேட்டேன்.
பழைய லோனில் பதினோரு வாரம் பாக்கி என்றார்கள்.
அடகுக் கடையில் மூக்குத்தியை உரசிப் பார்த்து
"எடையே நிக்கலம்மா" என்றார்.
கவுன்சிலர் வீட்டில் நாய் மட்டும் இருந்தது.
சர்ச்சில் ஐந்து கிலோ அரிசி, ஒரு ஜெபம்.
இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.
அரிசி தீர்ந்தது.

இங்கே மூன்றாம் நம்பர் மேஜை.
"வூட்ல சாவா?"
"இல்லீங்க."
"தீ பிடிச்சுதா?"
"இல்லீங்க."
"பாலாத்துத் தண்ணி உள்ள பூந்துச்சா?"
பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம்
நாங்கள் மேட்டுத் தெருவில் இருந்தோம்.
"அப்பறம் இன்னாமே அவசரம்?"

யாரும் சாகவில்லை.
பல்பு உட்பட எதுவும் எரியவில்லை.
இருட்டில் எல்லாரும் சௌக்கியம்
என்பதற்கு
அவர்கள் ஃபாரத்தில் கட்டம் இல்லை.

வெளியே புங்கமரத்தடியில் கோட்டீஸ்வரன்
மனு எழுத ஐம்பது கேட்டான்.
முப்பது இருந்தது.
"எதுவரைக்கும் படிச்சே?"
"பத்தாவது."
"அப்பறம் இன்னா, நீயே எழுது.
அனுப்புநர், பெறுநர், அய்யா.
அதுக்குக் கீழ பொருள்னு போட்டு ரெண்டு புள்ளி வை.
ஒரே வரி. ரெண்டாவது வரியை எவனும் படிக்கமாட்டான்."

பொருள் :

வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது இல்லாமல்தானே வந்தேன்.

"தங்கச்சி, எனக்குப் பேச வரும், எழுத வராது."
நூருன்னிசா. விரலில் பீடி இலை வாசம்.
மருமகனுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்.
அவளுக்கு முதலில் எழுதினேன்.
அவள் பொருள் ஒரே வரியில் அடங்கிவிட்டது.
எந்த மேஜையில் பன்னிரண்டு மணிக்கு ஆள் இருக்காது,
எந்த ஜெராக்ஸை இரண்டாகக் கேட்பார்கள்,
நாலு நாள் அலைச்சலில் எனக்கு மனப்பாடம்.
அதையும் சொன்னேன்.
இருபது ரூபாய் நீட்டினாள். வேண்டாம் என்றேன்.
பைக்குள் எதையோ திணித்துவிட்டு ஓடினாள்.

அவளைப் பார்த்து ஒரு லாரி டிரைவர் வந்தார்.
அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர்.
இவர்களிடம் இருபதை வாங்கிக்கொண்டேன்.
வெட்கம் மூன்றாவது மனுவோடு போய்விட்டது.
கோட்டீஸ்வரன் ரொம்ப நேரம் முறைத்தான்.
"என் பொழப்புல மண்ணு" என்றான்.
பிறகு ஸ்டேப்ளரை என் பக்கம் தள்ளி
"பின் அடிச்சுக் குடு, பேப்பர் நழுவுது."

என் மனுவுக்கு ஒரு ரசீது. ஒரு நம்பர்.
முப்பது நாளில் பதில் வருமாம்.

வீட்டுக்காரரிடம் நூற்று நாற்பதை நீட்டினேன்.
"எட்டாயிரம் ரவுண்டா நிக்குது" என்று
அவரிடம் நானே சொன்னேன், நல்ல செய்தி போல.
எண்ணிப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டார்.
ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஒன்பது மணிக்கு விளக்கு எரிந்தது.
அவர் வந்து போட்டாரா, அவர் வீட்டம்மாவா,
நான் எட்டிப் பார்க்கவில்லை.
மகள் பாய்ந்து ஃபேனைப் போட்டாள்.
ரசீது பறக்கும் என்று பையைத் தலைகீழாகக் கொட்டினேன்.

அடியில் ஒரு பன். நசுங்கியிருந்தது.
அவரையும் எழுப்பி
மூன்றாகப் பிய்த்தோம்.